சிவப்புப் பாஸ்போர்ட்டுப் பொண்ணு

என் கல்யாணம் முடிவான சேதியை எனக்கு முதலில் சொன்னது ஒரு லோடு மணல்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவையே அடைத்துக்கொண்டு மணல் கொட்டிக் கிடக்கிறது. ஸ்கூட்டரில் வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்து முறைத்துவிட்டு, காலை ஊன்றி ஊன்றி வண்டியை வளைத்துக்கொண்டு போகிறார்கள். அம்மா வாசலில் நின்று எதிர்வீட்டு அக்காவிடம் "மாடி எடுக்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியா! மாசக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்தால் சம்பளம் வரும்வரை கரண்ட் அடுப்பில் சோறாக்குகிற குடும்பம் மாடி எடுக்கிறதாம்.

"ஏதுமா காசு?" என்று கேட்டேன்.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

தங்கைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "லாரிக்காரங்க வூட்லேர்ந்து அனுப்பியிருக்காங்கக்கா. செங்கல் நாளைக்கு வருதாம். உன்ன அவங்க பையனுக்குக் குடுக்கறாங்களாம்."

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். என் அப்பாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டார். அது அப்பாவுக்கு வந்து, அவர் வழியாக எனக்கும் தங்கைக்கும் வந்தது. நிலமில்லை, நகையில்லை, அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஆனால் பீரோவில் சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தது. எங்கள் ஊரில் பொண்ணு கறுப்பா சிவப்பா என்று கேட்பதற்கு முன்னால் பாஸ்போர்ட் சிவப்பா என்று கேட்பார்கள். அந்தப் பொண்ணைக் கட்டுகிறவனுக்குப் பிரான்சு போக வழி திறக்கும். அதனால் இந்த மாதிரிக் கல்யாணத்தில் மட்டும் சீர்வரிசை தலைகீழாகப் போகும், மாப்பிள்ளை வீடுதான் கொட்டிக் கொடுக்க வேண்டும். லாரி வைத்துச் சம்பாதித்த அந்தக் கிராமத்துக் குடும்பத்துக்கு மணலும் செங்கல்லும் கைவசம் இருந்தது, கொட்டினார்கள்.

அந்த வருஷம் நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. பாரிசில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க எழுதிப் போட்டு, இடமும் கிடைத்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் வீட்டில் பாயசம் வைத்திருக்க வேண்டும். அப்பா சந்தோஷப்படத்தான் செய்தார், இல்லையென்று சொல்லவில்லை. மாதா கோயிலில், கம்பெனியில், டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னார். "பெரியவளுக்கு பாரிசுல சீட்டு கெடச்சிடுச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல என் விலைதான் ஏறியது. வெறும் பாஸ்போர்ட்டாக இருந்தவள், உடனே கிளம்பக்கூடிய பாஸ்போர்ட்டாக ஆகிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டேன். "நான் படிக்கப் போறேன்பா. எனக்கு எதுக்கு இப்ப கல்யாணம்?"

"படிக்க வேணாம்னு யாரு சொன்னது? கட்டிக்கினு போய்ப் படி. வயசுப் பொண்ண அவ்ளோ பெரிய ஊருக்குத் தனியா அனுப்பிட்டு நான் இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கெடக்கணுமா?"

"அந்தாளுக்கு என்னக் கட்டிக்கணும்னு ஆசை இல்லப்பா. அவனுக்கு ஏரோப்ளேன் ஏறணும்."

"ஏறட்டுமே. உனக்கு என்னா போச்சு?"

"நான் கட்டிக்க மாட்டேன்" என்றேன். அடி விழுந்தது. அப்பா அதற்கு முன்னால் எங்களை அடித்ததே இல்லை. எப்படி அடிப்பதென்றுகூட அவருக்குத் தெரியவில்லை, பாதி கன்னத்திலும் பாதி காதிலும் பட்டது. காது கொய்யென்று கத்திக்கொண்டே இருந்தது. அம்மா சமையல்கட்டில் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

பாஸ்போர்ட் பீரோவில். பீரோ சாவி அப்பாவின் அரைஞாணில். டிக்கெட் எடுக்க வேண்டியவரும் அவர்தான். முறைத்துக்கொண்டு நின்றால் சீட்டும் போகும், மாப்பிள்ளையும் வந்து சேருவான். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: செப்டம்பரில் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும், கழுத்தில் எதுவும் இல்லாமல். அதற்கு எந்த வழி கிடைத்தாலும் போவது என்று முடிவெடுத்துக்கொண்டு, ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றேன். அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

செங்கல் வந்தது, கம்பி வந்தது, எங்கள் தலைக்கு மேல் தூண் எழும்பியது. கீழே உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறேன், மேலே என்னை விற்ற காசில் தட்டு தட்டென்று தட்டுகிறார்கள். சிமெண்ட் தூசி சாம்பாரில் விழுந்தது. நான் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். "திமிரு. பாரிசு போறதுக்கு முன்னயே இவ்ளோ திமிரு."

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் இங்கே கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், முதலில் கான்சலேட்டில் பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டுத் தனித்தனியாக உட்கார வைத்து விசாரிப்பார்கள். நிஜக் கல்யாணமா, பாஸ்போர்ட்டுக்காகக் கட்டுகிற கல்யாணமா என்று பார்க்கத்தான். எங்கே சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள், அவளுக்கு என்ன பிடிக்கும், அவனுக்கு என்ன பிடிக்கும். இதற்கு எங்கள் ஊரில் டியூஷனே நடக்கும். ஏற்கெனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்கள் வந்து சொல்லிக் கொடுப்பார்கள். பரீட்சையில் தேறாத பையன்கூட இதில் தேறி விமானம் ஏறியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லாரிக்கார மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவார். என்னைவிட பத்து வயசாவது மூத்தவர், வாட்டசாட்டமான ஆள், ஆனால் குரல் வெளியே வராது. தங்கை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீச்சர் மாதிரி எங்களைக் கேள்வி கேட்பாள். அவளுக்கு என்னைவிட மூளை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராத்திரி படுக்கையில் "அக்கா, அவருக்குப் புடிச்ச கலரு இன்னா தெரியுமா, லாரி கலரு" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்த வீட்டில் என் பக்கம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"அக்காவுக்குப் புடிச்ச சாப்பாடு?" என்று அவரைக் கேட்பாள்.

"எறா தொக்கு" என்பார்.

"எறா எனக்கு ஆவாது, ஒடம்பெல்லாம் தடிச்சிடும்" என்பேன் நான்.

அப்பாவுக்கு ஆத்திரம் வந்துவிடும். "உண்மைய யாரு கேட்டா? ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லணும், அதான் கணக்கு. எறான்னே வையி."

இப்படித்தான் நான் எனக்கு ஆகாத எறாவை விரும்பிச் சாப்பிடுகிறவளானேன்.

அடுத்தது படம். ஒரு வருஷமாகப் பழகுகிறோம் என்பதற்குச் சாட்சி வேண்டுமே. யாரோ அப்பாவுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் எல்லாரும் ஆட்டோ பிடித்து நோணாங்குப்பம் போட் ஹவுசுக்குப் போனோம். அம்மா ஒரு கட்டைப் பை நிறைய என் சுடிதார்களைத் திணித்து எடுத்து வந்தாள். முதலில் நீலச் சுடிதாரில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், தங்கை போனில் எடுப்பாள். அப்புறம் நான் கக்கூசுக்குள் போய் மஞ்சளுக்கு மாற வேண்டும். அவர் அங்கே படகு ஏறுகிற இடத்தில் சட்டையைக் கழற்றி வேறு சட்டை போடுவார். டூரிஸ்டுகள் எல்லாம் பார்க்கிறார்கள். மஞ்சளில் படகில், பச்சையில் மரத்தடியில், கையில் ஐஸ்கிரீமோடு ஒன்று. கக்கூசில் தண்ணீர் வரவில்லை, தரையெல்லாம் நசநசவென்று ஈரம். பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றினேன். வேர்த்து வேர்த்து வழிகிறது. வெளியே அம்மா கதவைத் தட்டி, "கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா வாடி, இழவு வூட்டுக்கு வந்த மாதிரி நிக்காத" என்கிறாள். நாசமாப் போக, என்று எல்லாரையும் சேர்த்து மனசுக்குள் வைதேன். வைததற்கு இன்றும் வருத்தமில்லை.

கான்சலேட்டில் கூப்பிட்ட அன்று அப்பாவும் அம்மாவும் தங்கையும் வெளியே நடைபாதையில் நின்றார்கள். லாரிக்கார மாப்பிள்ளை புதுச் சட்டையில் ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் முதலில் உள்ளே அழைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். எனக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். போட் ஹவுஸ், எறா, லாரி கலர். அவர் எழுதிக்கொண்டே வந்தவர், எங்கள் படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது எப்போது எடுத்தது?"

"போன டிசம்பர்ல."

"இது?"

"ஈஸ்டர் லீவுல."

"இது?"

"மே மாசம்."

அவர் பேனா முனையால் ஒரு படத்தில் ஒரு மூலையைத் தொட்டார், அப்புறம் அடுத்த படத்தில், அப்புறம் அதற்கடுத்ததில். எங்களுக்குப் பின்னால் படகுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எல்லாப் படத்திலும் அதே கட்டம் போட்ட சட்டை, அதே துண்டு, கையில் அதே வேர்க்கடலைப் பொட்டலம். டிசம்பரில் கொறிக்க ஆரம்பித்தவர் மே மாசம் வரைக்கும் கொறித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். மாடி எழும்பிய நாளிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் அப்படி வெளியே வந்தது. நான் சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்துவிட்டு, "உங்களுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் உண்டா?" என்று கேட்டார். அப்பா கேட்கவில்லை. பெற்றவள் கேட்கவில்லை. பங்குச் சாமியார் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரி கேட்டாள்.

"இல்ல. எனக்குப் படிக்கணும்" என்றேன். "நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா என்ன அனுப்ப மாட்டாங்க."

"இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்" என்றார்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. சந்தேகம் இருப்பதால் மேல் விசாரணை முடியும்வரை கல்யாணத்துக்கு அனுமதி இல்லை. வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? மாப்பிள்ளை தலையில். அவர்தான் உள்ளே போய் உளறியிருக்கிறார் என்று ரெண்டு வீடும் முடிவு கட்டியது. அவருக்கே அப்படித்தான் தோன்றியது. "பொறந்த தேதிய மாத்திச் சொல்லிட்டேன் போலக்குதுங்க" என்று அப்பா முன்னால் கைகட்டி நின்றார். நான் பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமல் நறுக்கிக்கொண்டே இருந்தேன். பத்து வயசு மூத்தவனுக்கு, பள்ளிக்கூடத்துப் பெண்ணை மணலுக்கு வாங்க வந்தவனுக்கு, ஒரு திட்டுகூட விழக்கூடாதா?

அப்பா விடுகிற ஆளில்லை. யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து புதுக் கணக்குப் போட்டார். "இவ முன்னாடி போவட்டும். அங்க போய் இருந்துக்கினு, அங்கத்திய மேரியில கேட்டா ஈசியா எழுதிடுவாங்களாம்." மேரி என்றால் பிரெஞ்சுக்கார நகரசபை, எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்லுவார்கள். பீரோ திறந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சென்னை விமான நிலையத்துக்கு வேன் வைத்து வந்தார்கள். அம்மா அழுதாள். தங்கை என் காதில், "போய்ட்டுத் திரும்பிப் பாக்காத, ஓடு" என்றாள். மாப்பிள்ளையும் வந்திருந்தார். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை நீட்டி, "என்னாலதான் லேட்டாவுது, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். அடப் பாவமே, என்று இருந்தது எனக்கு. அந்தப் பாவம் நான் உள்ளே போய் செக்கிங்கில் பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் போடுகிறவரைக்கும்தான்.

பாரிசு என்னை வா என்று கூப்பிடவில்லை. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப் போன முதல் நாள், ஜன்னலுக்குள் இருந்த ஆள் என் முகத்தைப் பார்த்த உடனே, "வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த வரிசை" என்று கையைக் காட்டினான். என் பிரெஞ்சு அடையாள அட்டையை நீட்டினேன். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நல்லா பிரெஞ்சு பேசுறீங்க" என்றான். போடா இவனே, நீயும் நானும் ஒரே நாட்டுப் பிரஜை என்று நாக்கு நுனி வரை வந்தது. ஊரில் இந்த அட்டைக்கு மாடி கட்டிக் கொடுக்கிறார்கள். இங்கே வரிசையில் நிற்கக்கூட உதவவில்லை.

விடுதி அறையில் கட்டிலும் மேசையும் போட்டது போக ஒரு ஆள் திரும்புகிற இடம்தான். பொதுச் சமையலறையில் ரசம் தாளித்தால் பக்கத்து அறைப்பெண் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பாள், அவள் சீஸ் நாற்றத்துக்கு நான் எதைத் திறப்பது? தமிழ்க் கடைக்குப் போனால் அங்கேயும் அப்படித்தான். கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணம். நான் ரெண்டு வார்த்தை பேசியதும், "பாண்டிச்சேரி ஆக்களோ, நீங்கள் பிறக்கேக்கையே பிரெஞ்சுக்காரர் எல்லோ" என்று ஒரு சிரிப்பு. அவர் இந்த அட்டைக்கு எத்தனை வருஷம் நாயாக அலைந்தாரோ, எனக்குத் தெரியாது. கருவேப்பிலையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன். குளிர் வேறு. மூக்கு எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வகுப்பு என்றால் சினிமா கொட்டகை அளவுக்கு ஒரு மண்டபம், கீழே தூரத்தில் ஒரு மனுஷன் பலகையில் கிறுக்கிக்கொண்டே போகிறார், புரிந்ததா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். முதல் பரீட்சையில் படு தோல்வி. ஊரில் முதல் மார்க் வாங்கியவள்!

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மரப்பெஞ்சில் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். எவன் முறைத்தாலும் முறைத்துக்கொள் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா போன் பண்ணுவார். சாப்பிட்டியா என்று கேட்க மாட்டார். "மேரியில தேதி கேட்டியா?"

"பரீட்சைப்பா."

அடுத்த ஞாயிறு, "மேரியில கேட்டியா?"

"லீவுப்பா."

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, லாரிக்கார வீட்டார் மாப்பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை எடுத்துவிட்டார்கள் என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த ஆள் உளறவில்லை, நான்தான் எனக்கு வேண்டாமென்று சொன்னேன், இப்போதும் வேண்டாம், நீங்கள் கட்டிய மாடியை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்றேன். அம்மா கையிலிருந்து அப்பா போனை வாங்கி, "எனக்கு மூத்த பொண்ணு செத்துப் போச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நான் அழவில்லை. ஒரு டப்பா சோற்றைச் சூடு பண்ணி ஊறுகாய் வைத்து முழுக்கத் தின்றேன். நான் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாசமே அம்மா ஒளிந்துகொண்டு பேசினாள். "கட்டின மாடிய இடிச்சா குடுக்க முடியும்? ஊரு கைகொட்டிச் சிரிக்குதுடி. சின்னவள அவருக்கே பேசி முடிச்சிட்டோம். அவங்களும் பொறுத்துக்கறேன்னுட்டாங்க." தங்கைக்குப் பதினெட்டு முடிய வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கும் பீரோவில் ஒன்று இருந்ததே.

நான் விட்டேனா? தங்கையிடம் போனில் தனியாகப் பேசினேன். அவளும் இங்கே படிக்க எழுதிப் போட்டாள், அவள் மார்க்குக்கு எனக்குக் கிடைத்ததைவிட நல்ல இடமே கிடைத்தது. என் அறையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம், மாலையில் குழந்தை பார்க்கிற வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொன்னேன். "உள்ள உன்னத் தனியாத்தான் உக்கார வெப்பாங்க. விருப்பமான்னு கேப்பாங்க. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. அது வெளிய வராது. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"சரிக்கா" என்பாள்.

அவள் உள்ளே போனாள். விருப்பம் என்று சொன்னாள். எறா தொக்கு, லாரி கலர், எல்லாம் ஒரு பிசகில்லாமல் சொல்லியிருக்கிறாள். அவள்தானே டீச்சர். படமும் இந்தத் தடவை வேறு வேறு இடத்தில், வேறு வேறு மாசத்தில் எடுத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார், பழைய விசாரணையை யாரும் கிளறவில்லை. மாதா திருநாள் கழிந்து கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை.

இப்போது அவள் இங்கேதான் இருக்கிறாள், என் அறையிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவள் புருஷன் பார்சல் வேன் ஓட்டுகிறார். அடிக்கிற ஆளில்லை, குடிக்கிற ஆளுமில்லை, இன்னும் குரல் வெளியே வருவதில்லை. அவளுக்குக் கிடைத்த இடத்தில் அவள் சேரவே இல்லை. வந்த உடனே வயிற்றில் பிள்ளை. காலையில் ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலைக்குப் போகிறாள்.

ரொம்ப நாள் நான் அங்கே போகவில்லை. அவள் மேல் எனக்கு அத்தனை கோபம். கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேனே, காலைத் தூக்கி வைக்க உனக்கு என்னடி கேடு என்று. போன மாசம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவள் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில் அனலாகக் கிடந்தது. என்னால் அடக்க முடியவில்லை, கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு ஏன்டி சொல்லல? ஒரே ஒரு வார்த்த. உன் வாயில என்னா கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. கோபமும் படவில்லை.

"நீ வேணாம்னு சொன்னப்ப, அந்த மாடிக்கு ஈடா குடுக்க உனக்குப் பின்னாடி நான் இருந்தேன். எனக்குப் பின்னாடி யாருக்கா இருக்கா?"